கனியின் சதை யாருக்கு?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றங்கரையில் உள்ள தாடிக்கொம்பில் ஸௌந்தரராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். அவர் திருமுன்பே கனிகளை ஸமர்ப்பிக்கிறோம். அக்கனிகளே நமக்கு உபதேசிக்கும் பொருள் ஒன்று உண்டு. அதைச் சிறிது அநுபவிப்போம்.

நத்தம் பகுதியில் விளையும் மாங்கனியை எடுத்துக்கொள்வோம். மேலே தோல், அதனுள் சதை, அதனுள் கடினமான கொட்டை ஓடு. இம்மூன்றும் கனியின் அடுக்குகள். ஓட்டுக்குள்ளே இருக்கும் பருப்பே விதை. முளைக்கு வேண்டிய உணவு அந்தப் பருப்பின் இரு பிளவுகளிலேயே சேமிக்கப்பட்டுள்ளது. சதையை உண்டபின் எறிந்த கொட்டை குப்பைமேட்டில் முளைப்பதே இதற்குச் சான்று. ஆகவே சதை விதைக்கு உணவன்று, உண்பவனுக்கே ஆனது.

இவ்வாறு பிறனுக்கென்றே இருத்தலை நம் பூர்வாசார்யர்கள் சேஷத்வம் என்றார்கள். பிரணவத்தில் அகாரத்தின்மேல் மறைந்து நிற்கும் நான்காம் வேற்றுமை, ஆத்மா எம்பெருமானுக்கே உரியது என்று காட்டுகிறது. வங்கியில் பிறர் பணத்தைப் பல்லாண்டுகள் காத்தோம். அதில் ஒரு ரூபாயையும் நமதென்று எழுதத் துணிந்தோமில்லை. அவனுடைய உடைமையான ஆத்மாவையோ கூசாமல் 'எனது' என்று எழுதிக்கொண்டோம். இதுவே ஆத்மாபஹாரம், களவுகளிற் பெரிய களவு. அறிவில்லாத மாங்கனி அதைச் செய்யவில்லை. அறிவுடைய நாம் செய்தோம்.

'நமக்கென்று ஒன்றும் வையாவிடில் நம் கதி யாது?' என்னும் அச்சம் எழலாம். அதற்குச் சிறுமலை வாழைப்பழம் விடை சொல்லும். திண்டுக்கல் சந்தைக்கு வரும் அப்பழத்தை வெட்டிப் பார்த்தால் முளைக்கும் விதை இல்லை. வளராமற்போன விதைகளின் கரும்புள்ளிகளே நடுவில் தெரியும். தனக்கென்று விதையும் வையாமல் முழுதும் சதையாயிற்று. அதனால் அதன் குலம் அழிந்ததோ? இல்லை. பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டு வளர்ப்பதை உழவனே ஏற்றுக்கொண்டான். உடைமையைக் காப்பது உடையவன் பொறுப்பன்றோ? சரணாகதனுடைய ரக்ஷணபரமும் அவ்வாறே ஸ்வாமியினுடையதாகிறது.

உவமை இவ்வளவில் நின்றுவிடும். கனி, உண்பவனுடைய உகப்பை அறியாது. சேதநனோ எம்பெருமானுடைய திருமுக மலர்ச்சியைக் கண்டு தானும் உகக்கிறான். அந்த உகப்பையும் 'எனது' என்று கொள்ளாதிருப்பதே ஆத்மா கனிந்த நிலை.

ஸௌந்தரராஜப் பெருமாள் திருவடிகளே சரணம்.