மூலமும் நகலும்: துடைத்து மீள விதைத்தல் பற்றிய ஒரு சிந்தனை

ஒரே செய்தி பல நகல்களில் வாழும்போது அவற்றுள் ஒன்று பிழைபட்டால், அதை அங்கங்கே திருத்தி வைத்துக்கொள்வதா, முற்றிலும் துடைத்துவிட்டு மூலத்திலிருந்து மீண்டும் நிரப்புவதா என்னும் வினா, கணினித்துறைக்கு மட்டும் உரியது போலத் தோன்றினும், அடிப்படையில் அது பிரமாணம் பற்றிய வினாவே ஆகும். ஓர் அறிவை மெய்யென்று ஏற்பதற்கு உரிய அளவுகோலையே தத்துவ நூல்கள் பிரமாணம் என்கின்றன. இவ்வினாவை எண்ணிப் பார்ப்பதற்குத் திருவள்ளூரை அடுத்த காக்களூர் பொருத்தமான இடம். சிட்கோ தொழிற்பேட்டையும் ஆவின் பால்பண்ணையும் அமைந்த இவ்வூருக்கு அருகிலேயே, ஆழ்வார்கள் பாடிய திருவெவ்வுள் வீரராகவப் பெருமாள் கோயிலும், சம்பந்தரும் அப்பரும் பாடிய திருப்பாசூர்ச் சிவன் கோயிலும் உள்ளன. அங்கு ஓதப்படும் திவ்யப் பிரபந்தமும் தேவாரமும் ஒருகாலத்தில் மறைந்துபோய் மீண்டு வந்தவை என்று அவ்வச் சமய மரபுகள் கூறுகின்றன. அவை மீண்ட விதம் ஒன்றல்ல என்பதில்தான் இவ்வினாவுக்கான விடையின் தொடக்கம் இருக்கிறது.

ஒரு தொழிற்சாலையின் இருப்புக் கணக்கோ வங்கியின் வரவுசெலவோ சேமித்து வைக்கப்படும் முறையான தொகுப்பு தரவுத்தளம் எனப்படும். ஓர் இயந்திரம் பழுதானாலும் கணக்கு அழியாதிருக்க, ஒரே தரவுத்தளம் பல சர்வர்களில் நகல்களாக வைக்கப்படுகிறது. அச்சர்வர்கள் சேர்ந்த குழு கிளஸ்டர் எனப்படும். முதன்மைச் சர்வரில் நிகழும் மாற்றங்கள் ஒரு பதிவேட்டில் வரிசை பிறழாமல் எழுதப்படுகின்றன. பிற சர்வர்கள் அவற்றை அதே வரிசையில் தம்மிடம் நிகழ்த்திக்கொள்கின்றன. ஒரு நகல் மிகவும் பின்தங்கி, அதற்குத் தேவையான பதிவுகள் முதன்மையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டாலோ, தொடர்பு அறுந்த நேரத்தில் முதன்மை அறியாத மாற்றங்களை அந்நகல் தானே ஏற்றுக்கொண்டுவிட்டாலோ, வரிசையைப் பிடித்து மேலேறுவது பெரும்பாலும் இயலாததாகிறது. அப்போது அதைக் காலிசெய்து, முழுப் பிரதியை முதன்மையிலிருந்து எடுத்து நிரப்பி, அந்த இடத்திலிருந்து பதிவேட்டைத் தொடரச் செய்வதே ரீசீட், அதாவது மறுவிதைப்பு. தயிர் கெட்டு நூல் பிடித்துவிட்டால் அதன்மேலேயே பால் ஊற்றிக்கொண்டிராமல், பாத்திரத்தைக் கழுவி, அயல்வீட்டிலிருந்து நல்ல உறைமோர் வாங்கிப் புதிதாக உறையிடும் செயலோடு இது ஒத்தது.

இம்முறையின் முழு வடிவத்தை நாதமுனிகள் வரலாற்றில் காணலாம். காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்த அவர், அங்கு வந்த அடியார்கள் குடந்தை ஆராவமுதன்மீது நம்மாழ்வார் பாடிய ஒரு பதிகத்தை மட்டும் பாடக் கேட்டார் என்று வைணவ மரபு கூறுகிறது. அப்பதிகத்தின் இறுதிப் பாசுரம், அது ஆயிரம் பாசுரங்களுள் ஒரு பத்து என்று தன்னைத்தானே அடையாளம் காட்டியதால், தம் கையில் இருப்பது குறையுள்ள நகல் என்பதை அவர் உணர்ந்தார். அப்பதிகம் அடங்கிய திருவாய்மொழி அந்தாதியாக, ஒரு பாசுரத்தின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக அமைந்திருப்பதும் இடையில் விடுபட்டதை உடனே காட்டிக்கொடுக்கும் கட்டமைப்பாகும். தரவுத்தளப் பதிவேட்டின் வரிசை எண் செய்யும் பணியை இங்கு யாப்பே செய்கிறது. தேடித் திருக்குருகூர் சென்ற அவர், மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 முறை ஓத, நம்மாழ்வாரே வெளிப்பட்டு நாலாயிரத்தையும் அருளினார் என்பது நம்பிக்கை. துண்டுகளை ஒட்டவைத்து இடைவெளியை ஊகத்தால் நிரப்ப முற்படாமல், மூலத்தின்முன் வெறுங்கையாய் நின்று முழுமையையும் கேட்டுப் பெற்றதே நாதமுனிகள் செய்தது.

தேவாரம் மீண்ட கதை வேறு. இராசராச சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பியின் வழிகாட்டுதலில் தில்லைக் கோயிலின் அறையைத் திறந்தபோது ஏடுகளைச் செல் அரித்திருந்ததாகவும், இக்காலத்துக்கு வேண்டியவை மட்டும் எஞ்ச வைக்கப்பட்டன என்று இறைவாக்கு எழுந்ததாகவும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. பாடல்களின் பண்கள் ஏட்டில் இல்லாததால், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடமிருந்து அவை பெறப்பட்டன. ஏட்டுக்கு வேறு நகல் கிட்டாததால் போனது பெரும்பாலும் போனதே. பண்ணோ ஓர் உயிருள்ள மரபில் இருந்ததால் மீண்டது.

மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. சங்க நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையருக்குச் சென்று கேட்பதற்கு மூலம் எதுவும் இல்லை. பல ஊர்களில் கிடைத்த, ஒன்றோடொன்று முரண்படும் ஏட்டுப் பிரதிகளே இருந்தன. 1894இல் புறநானூற்றை வெளியிட்டபோது அவர் ஒரு பிரதியைக் கொண்டு மற்றவற்றைத் துடைத்துவிடாமல், வேறுபாடுகளைப் பாடபேதங்களாகக் காத்தார். கிடைக்காத 267, 268ஆம் பாடல்களின் இடம் இன்றும் எண்ணளவில் வெறுமையாகவே நிற்கிறது. மூலம் இல்லாத இடத்தில் பிழைபட்டதாகத் தோன்றும் நகலும் சாட்சியாகிறது. அதைத் துடைப்பது உண்மையின் ஒரு கூற்றைத் துடைப்பதாக முடியலாம்.

இவ்வேறுபாட்டை மறந்தால் நேர்வது என்ன என்பதை 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் நிகழ்ந்தது காட்டுகிறது. பின்தங்கிய நகலை மறுவிதைப்பதற்காக அதைக் காலிசெய்ய முனைந்த பொறியாளர் ஒருவர், நீண்ட நேரப் பணியின் இடையே, முதன்மைச் சர்வரின் தரவையே அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி அளவினதான தரவில், நிறுத்துவதற்குள் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியது. வழக்கமான காப்புப் பிரதிகள் உண்மையில் எடுக்கப்படவேயில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வேறொரு சோதனைக்காக 6 மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த பிரதியே நிறுவனத்தைக் காத்தது. இடைப்பட்ட நேரத்தின் பதிவுகள் மீளவில்லை. நிறுவனம் இதை மறைக்காமல் முழுமையாக வெளியிட்டதால் உலகெங்கும் உள்ளோர் பாடம் கற்றனர்.

துடைத்து நிரப்பப்பட்ட நகல் பழைய நகல்தானா என்றும் கேட்கலாம். பொருள் ஒவ்வொன்றும் கணந்தோறும் அழிந்து புதிதாகத் தோன்றும் தொடர்ச்சியே என்னும் பௌத்தக் கணபங்கவாதத்தின்படி, அது அதே ஓட்டத்தின் மற்றொரு கணம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் சௌத்திராந்திகம் முதலிய பௌத்தப் பிரிவுகளை மறுத்தார். கண்டதைப் பின்னர் நினைவுகூர்வதற்கு நிலைத்த அறிவோன் ஒருவன் வேண்டும் என்பதே கணபங்கவாதத்துக்குச் சைவ சித்தாந்தம் கூறும் விடை. நகலுக்கு அத்தகைய தனி அறிவு இல்லை. அதன் மெய்ம்மை முழுவதும் மூலத்தோடு அது கொண்டுள்ள உறவில்தான் இருக்கிறது. ஆகவே நகல் தன்னை இழப்பதில் இழப்பு ஒன்றுமில்லை, அந்த உறவு அறாதவரை.

கிளஸ்டரில் மூலம் என்பது ஓர் இயந்திரத்தின் இயல்பன்று, பொறுப்பு. முதன்மை வீழ்ந்தால், பெரும்பான்மைச் சர்வர்களின் ஒப்புதலோடு வேறொன்று அவ்விடத்தை ஏற்கிறது, ஆசாரியருக்குப் பின் சீடர் பீடமேறுவதைப்போல. அந்தப் பெரும்பான்மையும் ஒரே காலத்தில் இரு தலைமை தோன்றாமல் காக்கிறதே தவிர, எது மெய் என்பதை உண்டாக்குவதில்லை. எனவே ஒரு நகலைக் காலிசெய்பவருக்கு மூன்று கடமைகள் உண்டு. மூலம் எங்கே உயிரோடு இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டு உறுதிசெய்ய வேண்டும். அழிக்கப்போகும் நகலில் மட்டும் பதிவாகியிருப்பதைப் பாடபேதம்போலத் தனியே எடுத்துவைக்க வேண்டும். காப்புப் பிரதி இருப்பதாக நம்பியிராமல், அதிலிருந்து ஒருமுறை மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். மூலம் இருக்கும்போது காலியாவது நாதமுனிகள் குருகூரில் நின்ற நிலை. மூலம் இல்லாதபோது அதே செயல், தில்லை அறையில் செல் செய்த வேலை. திருவெவ்வுளிலும் திருப்பாசூரிலும் இன்றும் எழும் பாடல்கள், இவ்விரண்டையும் பிரித்தறிந்தவர்களின் கைகள் வழியே வந்து சேர்ந்தவை.