அந்தக் காட்சிக்கு அந்த இசை

2021 ஜனவரியில் ஓர் இரவு, ஆபீஸ் லேப்டாப்பை மூடிவிட்டு சொந்த லேப்டாப்பில் ஒரு சின்னத் திருட்டு வேலை பார்த்தேன். 'அட்டாக் ஆன் டைட்டன்' அனிமேயின் கடைசி சீசனில் ஐந்தாவது எபிசோட். அதன் இறுதி நிமிடங்களை மட்டும் வெட்டியெடுத்து, ஒலியை மொத்தமாக அணைத்துவிட்டு, இரண்டாம் சீசனில் வந்த ஒரு பிஜிஎம்மை அதன்மேல் ஒட்டினேன். வசனமும் சேர்ந்தே போனது. பரவாயில்லை, எனக்கு வேண்டியது வசனம் இல்லை.

நான் மட்டுமில்லை, உலகம் முழுக்க ரசிகர்கள் அந்த வாரம் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் காட்சிக்கு அந்த இசையை ஏன் போடவில்லை என்று சமூக ஊடகங்களில் கோபம் கொட்டியது. "இவ்வளவு வருஷம் காத்திருந்தது இதுக்காகத்தானடா?" என்று நள்ளிரவில் நண்பன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். எனக்கும் அதே கோபம்தான். எங்களிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி.

(தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். கதை உடையப்போகிறது.)

இரண்டு காட்சிகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது 2017-ல் வந்த இரண்டாம் சீசனில் வருகிறது. மதில்மேல் நின்றுகொண்டு ரைனர், தன் தோழன் எரனிடம் பேச்சுவாக்கில் சொல்கிறான்: ஐந்து வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஊர் மதிலை உடைத்தவர்கள் நாங்கள்தான். ஏதோ சாப்பாட்டுக்குப் போகலாமா என்று கேட்கிற தொனியில் சொல்கிறான். எரனின் அம்மா செத்தது அந்த நாளில்தான். கொஞ்ச நேரத்தில் ரைனரும் பெர்டோல்ட்டும் டைட்டனாக மாறுகிறார்கள். அப்போது எழுகிறது 'யூ சீ பிக் கேர்ள்' என்ற அந்த இசை. இசையமைத்தவர் ஹிரோயுகி சவானோ. வில்லன் என்ட்ரிக்கான இசையில்லை அது. வயலின்களும் குரல்களும் சேர்ந்து எதையோ இழந்த மாதிரி மேலே மேலே போகும். நட்பு செத்ததற்கான இசை என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது.

இரண்டாவது காட்சியில் எல்லாம் தலைகீழ். இப்போது எரன் எதிரி நாட்டுக்குள் இருக்கிறான். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் ரைனரும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஃபால்கோ என்ற சிறுவன். வெளியே மேடையில் வில்லி டைபர் உலக நாடுகளின் பிரதிநிதிகள் முன்னால் போர் அறிவிக்கிறான். ரைனர் மண்டியிட்டு அழுகிறான். எரன் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறான், நானும் நீயும் ஒன்றுதான் என்கிறான். அடுத்த நொடி டைட்டனாக மாறுகிறான். தங்களுக்கு மேலே இருப்பது சாதாரண ஜனங்கள் வாழும் வீடுகள் என்று அவனே கொஞ்சம் முன்னால் சொல்லியிருக்கிறான். தெரிந்தேதான் செய்கிறான்.

அன்றைக்கு ரைனர், இன்றைக்கு எரன். சமச்சீர் கச்சிதமாக இருக்கிறது, அப்படியானால் இசையும் அதேதானே வரணும்? வரவில்லை. கடைசி சீசனில் கோஹ்தா யமமோட்டோவும் சவானோவும் சேர்ந்து இசையமைத்தார்கள். அந்த இடத்துக்கு வேறெதையோ வைத்திருந்தார்கள்.

சவானோவின் இசை எதனால் இப்படி ஆளைத் தூக்குகிறது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். கோடு எழுதும்போது ஹெட்போனில் ஓடுவது பெரும்பாலும் அவர்தான், அதனால் யோசிக்க நேரமும் நிறையக் கிடைத்தது. முழு ஆர்கெஸ்ட்ரா, அதன் பக்கத்திலேயே ராக் இசைக்குழுவின் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிடாரும், கீழே சிந்தசைசர். வயலின்கள் ஒரே சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்து ஓட்டத்தை உண்டாக்கும். எல்லாவற்றுக்கும் மேல் கோரஸ். பல இடங்களில் ஜெர்மன் மொழி. 'ஃபோகல் இம் கேஃபிக்' என்ற பாட்டின் தலைப்புக்கே 'கூண்டுப் பறவை' என்றுதான் அர்த்தம்.

இதில் கோரஸ்தான் ஆபத்தானது என்று நினைக்கிறேன். ஒரே குரல் பாடினால் யாரோ ஒருத்தருடைய துக்கம் அது. ஐம்பது குரல் சேர்ந்தால் அங்கே ஒரு 'நாம்' வந்துவிடுகிறது. அந்த நாம் யார், எதற்காகக் கூடியிருக்கிறது என்று கேட்க நேரமிருக்காது. மொழி புரியாதது இன்னும் வசதி. என் ஆசைக்குத் தகுந்த அர்த்தத்தை நானே போட்டுக்கொள்ளலாம்.

பிளேட்டோ இதைப் பார்த்துப் பயந்தார். 'குடியரசு' நூலின் மூன்றாம் புத்தகத்தில், லட்சிய நகரத்தில் எந்த இசை இருக்கலாம் என்று ஒரு வடிகட்டல் நடக்கும். அழுகைக்கான பண்முறைகள் வேண்டாம், குடிக்கும் சோம்பலுக்கும் ஏற்றவை வேண்டாம். டோரியனும் ஃபிரிஜியனும் இருக்கட்டும், அவற்றில் ஒன்று போர்க்களத்தில் வீரன் நிற்கும் விதத்துக்குப் பொருந்தும். எனக்கு இதில் சிரிப்புத்தான் வரும். அவர் தூக்கியெறிந்தது ஒப்பாரியை. என்னை அந்த இரவு கெடுத்ததோ வீரம்.

1854-ல் வியன்னா விமர்சகர் எடுவார்ட் ஹான்ஸ்லிக் எழுதிய 'இசையில் அழகு பற்றி' என்ற சிறு நூல் இன்னும் உதவியாக இருந்தது. இசையால் குறிப்பிட்ட ஓர் உணர்ச்சியைச் சொல்ல முடியாது என்கிறார். காதலையோ கோபத்தையோ அது காட்டுவதில்லை. உணர்ச்சி வேகமாகிறதா, தளர்கிறதா, ஏறுகிறதா, இறங்குகிறதா என்ற அசைவை மட்டும் காட்டும். யாருக்காக, எதற்காக என்ற விவரம் இசைக்குள் கிடையாது.

அதைப் படித்தபோது எனக்கு என் எடிட்தான் ஞாபகம் வந்தது. இரண்டாம் சீசனில் துரோகத்தின் வலியாக இருந்த அதே ஏற்றம், என் வீடியோவில் வெற்றியாக மாறியிருந்தது. இசையில் ஒரு சுரம்கூட மாறவில்லை. விவரத்தைக் கொடுத்தது நான்.

புல்லரிப்புக்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாதுதான். தும்மல் மாதிரி உடம்பு செய்கிற வேலை அது. நண்பன் இன்னொரு நியாயமும் சொன்னான்: "அது சோகமான மியூசிக்டா. எரனும் ரைனர் மாதிரி ஆயிட்டானேங்கிற துக்கம்தான் அது. நாம கொண்டாடல." எபிசோட் பார்த்த கோபத்தில் நானும் இதையே சொல்லிக்கொண்டுதான் எடிட் செய்ய உட்கார்ந்தேன். கட்டுமானம், எதிரொலி, பிம்பம் என்று பெரிய பெரிய வார்த்தையெல்லாம் போட்டு.

ஆனால் எடிட் செய்தவனுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இசையின் உச்சத்தை எந்த ஃப்ரேமில் உட்கார வைப்பது என்று அவன் முடிவெடுத்தாக வேண்டும். ஆடாசிட்டியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, அரை நொடி முன்னே, கால் நொடி பின்னே என்று கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் நகர்த்தினேன். துக்கம்தான் என்றால் உச்சம் ரைனரின் முகத்தில் விழுந்திருக்கலாம். அவன் அந்தச் சிறுவனை மறைத்து அணைக்கிற இடத்தில் விழுந்திருக்கலாம். இடிகிற கட்டிடத்தில் விழுந்திருக்கலாம். நான் வைத்தது டைட்டன் கட்டிடத்தைப் பிளந்துகொண்டு மேலே எழும் ஃப்ரேமில். அங்கே பொருந்தியபோது நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டேன்.

ஃப்ரேம் ஃப்ரேமாக அத்தனை தடவை பார்த்தும், அது வீடுகளாக இருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஃபால்கோவோடு திருவிழாவில் சுற்றித் தின்றுகொண்டிருந்த உடோவும் ஸோஃபியாவும் அந்தத் தாக்குதலில் சாகிறார்கள். ஒருத்தி கல்லுக்கடியில், ஒருத்தன் கூட்டத்தின் காலடியில். அதைப் பார்த்த பிறகுதான் என் வீடியோவை மறுபடி திறந்தேன்.

இசை கொலையை அழகாக்கிவிடும் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. 1996-ல் வந்த 'இவாஞ்சலியன்' இருபத்து நாலாம் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிஞ்சியின் ராட்சத எந்திரத்தின் கைப்பிடிக்குள் அவனுடைய நண்பன் கவொரு. கொல்லச் சொன்னவனும் கவொருதான். ஒரு நிமிடத்துக்கும் மேலாகப் படம் அசையாமல் நிற்கும். பின்னணியில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனி, அந்த மகிழ்ச்சிப் பாட்டு. அங்கேயும் கோரஸ்தான், ஜெர்மன்தான். ஆனால் அந்த மகிழ்ச்சிக்குள் என்னால் நுழையவே முடிந்ததில்லை. படம் நகராததால் இசை ஏறுவதற்கு வாகனமே கிடையாது. முடிவெடு, முடிவெடு என்று அது காதுக்குள் கத்திக்கொண்டே இருக்கும். பிறகு தண்ணீரில் ஏதோ விழும் சத்தம். முதல்முறை பார்த்தபோது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இப்போது நினைத்தால் 'அட்டாக் ஆன் டைட்டன்' குழுவும் ஏதோ ஒரு விதத்தில் அப்படித்தான் செய்திருக்கிறது. எந்த எண்ணத்தில் செய்தார்கள் என்பது அவர்கள் விஷயம். நடந்தது என்னவோ, பழகிய படிக்கட்டை எடுத்துவிட்டார்கள். மூன்று சீசனாக அந்தக் கதை எங்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது: கோரஸ் எழுந்தால் நம் பக்கம் ஜெயிக்கிறது. தொடக்கப் பாடல்களில் ஒன்றின் தலைப்பே 'இதயத்தை அர்ப்பணி'. கதையில் அது ராணுவ சல்யூட். நாங்கள் அதைப் பாடிக்கொண்டே திரிந்தோம். பிற்பாடு எரனின் பெயரில் இயங்கும் தீவிரக் கும்பல் அதே சொல்லைக் கத்தும்போதுதான், இத்தனை நாள் எதைப் பாடினோம் என்ற சங்கடம் வந்தது.

உடம்பு சிலிர்த்ததற்கு நான் பொறுப்பில்லை. சிலிர்ப்பு கிடைக்காதபோது வந்த கோபத்துக்குப் பொறுப்பு. அதை உடம்பு செய்யவில்லை. ஒரு படுகொலை எனக்குச் சேரவேண்டிய சுகத்தைக் கொடுக்காமல் ஏமாற்றிவிட்டது என்று நான்தான் புகார் சொன்னேன், மூன்று மணி நேரம் உட்கார்ந்து அந்தக் குறையைச் சரியும் செய்தேன். கற்பனைக் கதைதானே, யாரும் சாகவில்லையே என்றால் உண்மைதான். ஆனால் என் காது கற்பனை இல்லை. ஏதோ ஓர் ஊரில் ஏவுகணை விழும் நிஜ வீடியோவுக்கு எவனோ இசை ஒட்டி ரீல்ஸில் போடுகிறான். அதைக் கேட்கப்போவதும் இதே காதுதான். அப்படி ஒன்று என் முன்னால் ஓடியபோது, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்னாலேயே என் விரல் தாளம் போட ஆரம்பித்திருந்தது.

அந்த எடிட்டை நான் எங்கும் பதிவேற்றவில்லை. நண்பனுக்கு மட்டும் அனுப்பியிருந்தேன், வரிசையாக நெருப்பு எமோஜி வந்தது. சில மாதம் கழித்து அவனிடம், அந்த எபிசோடின் கடைசி நிமிடங்களை ஒருதடவை சத்தமே இல்லாமல் பார் என்றேன்.

"சவுண்ட் இல்லாம அதை எதுக்குடா பாக்கணும்?" என்றான்.