மூன்றாம் ஆள்

ஆசிரியனிடம் சமுதாயம் ஓயாது கேட்டு வாங்கும் எழுத்து ஒன்றுண்டு. அது கட்டுரையன்று, கவிதையன்று, நற்சான்றுப் பத்திரம். ‘இவரைக் கடந்த ஆறு ஆண்டுகளாக நன்கறிவேன், ஒழுக்கமும் ஊக்கமும் உடையவர்’ என்னும் வாசகத்தை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அறிந்து பொய் எழுதியதில்லை. ஆயினும், அரசாங்கக் காரியாலயமொன்றில் ஏற்பட்ட ஒரேயொரு வெற்றிடத்துக்காக, என்னிடம் படித்த இருவர் ஒரு வார இடைவெளியில் வந்து அப்பத்திரத்தைக் கேட்டபோது என் பேனா தயங்கிற்று. ஒருவன் தோட்டஞ் செய்பவரின் மகன். மற்றவள், தகப்பனை இழந்து, தாயின் தையல் வருமானத்திற் படித்தவள். இருவரும் பட்டதாரிகள். இருவருக்கும் எழுதினேன். இரண்டும் உண்மை, ஆனால் ஒன்று பலித்தால் மற்றது வெறுங் கடதாசி.

நேர்முகப் பரீட்சை நெருங்கிய வேளையிற் பையனின் தகப்பனார் வந்தார். வெங்காயம் விற்ற காசிற் பிள்ளையைப் பட்டதாரியாக்கிய மனிதர். “மாஸ்டர், அந்த எம்.பி. உங்களோடை ஒண்டாப் படிச்சவர் எண்டு சொல்லுகினம். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும்” என்றார். அவர் கேட்டது குற்றமா? நான் இணங்கியிருந்தால் அது குற்றமா?

‘தகுதியுள்ளவருக்கே வேலை’ என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால், தகுதி என்னும் அளவுகோல் நம் நாட்டில் எப்படியெல்லாம் கைமாறி வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1833 இன் கோல்புறூக் சீர்திருத்தங்களோடு சிவில் சேவையின் கதவு இலங்கையருக்குத் திறக்கப்பட்டது. ஆங்கிலமே அதன் சாவி. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் அச்சாவியை மாற்றிற்று. அதுவரை தகுதியுடையோராய் இருந்த தமிழ் எழுதுவினைஞர் படிப்படியாகத் தகுதி குறைந்தோராயினர். மலையகத் தொழிலாளரிற் பெரும்பாலானோரோ 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தோடு அக்கதவின் முன் வந்து நிற்கும் உரிமையையே இழந்தனர். அவருள் எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. இன்று தனியார் கம்பனிகளின் வாசலில் மறுபடியும் ஆங்கிலம். சிங்கள மாணவர் அதனைக் ‘கடுவ’ என்பர். வாள் என்று பொருள். வெட்டுப்பட்டவர்கள் இட்ட பெயர்!

இதனால் தகுதி வெறும் மாயை என்று நான் சொல்ல வரவில்லை. ஊசி போடத் தெரிந்தவளே தாதியாக வேண்டும். கணக்குத் தெரிந்தவனே காசாளனாக வேண்டும். ‘இந்த வேலையைச் செய்ய வல்லவர் யார்?’ என்ற கேள்விக்குத் தகுதி விடை சொல்லும். ‘மற்றவர்கள் எவ்வாறு வாழ்வது?’ என்ற கேள்விக்கு அதனிடம் விடையில்லை. நாமோ முதற் கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, வேலையற்றவனைச் சோம்பேறி என்கிறோம். ஒரு கதிரைக்கு ஐம்பது பேர் ஓடினால் நாற்பத்தொன்பது பேர் நின்றே ஆகவேண்டும். ஐம்பது பேரும் இருமடங்கு வேகமாக ஓடினாலும் நிற்பவர் தொகை குறையாது. கதிரையின் பற்றாக்குறையை ஓடியவனின் ஒழுக்கக் குறையாக்குவது எந்த நியாயம்?

இலவசக் கல்வி 1945 இல் வந்தது. அது திறந்த கண்களுக்கு முன்னால் வேலைகள் அதே வேகத்தில் முளைக்கவில்லை. 1971 ஏப்ரிலில் தென்னிலங்கை இளைஞர் ஆயுதம் ஏந்தினர். அதே ஆண்டிலேயே டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, படித்த இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் நாட்டிலிருந்த வேலைகளுக்கும் இடையிலான பிளவை விரிவாக ஆராய்ந்தது. ‘பட்டதாரி மண்வெட்டி பிடிக்க வெட்கப்படுகிறான்’ என்று அன்றுதொட்டு இன்றுவரை மேடைகளிற் சொல்லப்படுகிறது. அந்த வெட்கத்தை அவன் பல்கலைக்கழகத்திலா கற்றான்? மண்வெட்டி பிடித்தவனைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய நம் ஊரிலன்றோ கற்றான்! 2017 இல் வடக்கிலும் கிழக்கிலும் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் அமர்ந்து போராடியபோதும் இதே உபதேசம் அவர்களுக்குக் கிடைத்தது. நாடு கடன் கட்ட முடியாது நின்ற 2022 இல் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடிக் கடல் கடந்தனர். அவர்களையும் வெட்கப்படுவோர் என்பதா?

இவ்வளவையும் அறிந்த நான், அப்படியாயின், அந்தத் தகப்பனாருக்கு உதவியிருக்கலாமே! போட்டியே நேர்மையற்றதாயின் குறுக்கு வழி எப்படிப் பிழையாகும்?

இங்கேதான் மூன்றாம் ஆள் வருகிறார். கேட்பவர் ஒருவர், சொல்பவர் ஒருவர். இவ்விருவருக்கும் இடையில் அன்பும் நன்றியுமே உண்டு. தீங்கு விழுவது, அங்கே இல்லாத ஒருவர் மீது. எம்.பி.யோடு படித்த வாத்தியார் எவரும் இல்லாத ஏதோவொரு கிராமத்தில் அவர் கடிதத்தை எதிர்பார்த்திருப்பார். தாம் எதனால் தோற்றோம் என்பதை அவர் ஒருபோதும் அறியார். தம் அறிவையே ஐயுறுவார்.

இன்னொன்று. சிபார்சினாற் பெற்ற வேலை உரிமையன்று, தானம். 1977 இல் வந்த அரசாங்கம், ‘வேலை வங்கி’ என்ற பெயரில் ஒவ்வொரு பாராளுமன்ற உறுப்பினரிடமும் ஆயிரம் விண்ணப்பப் பத்திரங்களை விநியோகத்துக்குக் கொடுத்தது. அதே அரசாங்கம் 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 40,000 ஊழியரை வீட்டுக்கு அனுப்பிற்று. கொடுக்கும் கை எடுக்கவும் அறியும்.

நான் மறுத்தேன். அதிற் பெருமைப்பட எதுவுமில்லை. மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வரும் கைக்கு ஒழுக்கம் மலிவு. அத்தோடு, என் விடயத்தில் மூன்றாம் ஆள் முகமற்றவர் அல்லர். என் வகுப்பில் முன்வாங்கில் இருந்தவள். அவளை அறியாதிருந்தால் மறுத்திருப்பேனா என்பதை என்னாலே சத்தியம் பண்ணிச் சொல்ல முடியவில்லை.

“நீங்கள் கதைக்காட்டி வேறை ஆரும் கதைப்பினம், மாஸ்டர்” என்று சொல்லிவிட்டுத் தகப்பனார் சைக்கிளை எடுத்தார். அது உண்மை. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நேர்முகப் பரீட்சை முடிந்தது, இருவரும் தெரிவாகவில்லை. வேலை எவருக்குப் போயிற்று, எதனால் என்று எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் ஆளாக நிற்பது எப்படி என்பதை இப்போது இரு குடும்பங்களும் அறியும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, புள்ளியிடும் திட்டத்தையும் தத்தம் புள்ளிகளையும் கேட்டு எழுதலாம் என்று இருவரையும் அழைத்துச் சொன்னேன். தனித்தனியாக அல்ல, ஒரே கடிதத்தில், இருவர் கையெழுத்தோடும். அவள் அவ்விடத்திலேயே கையெழுத்திட்டாள். அவன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான். அடுத்த வெற்றிடத்துக்கும் அதே காரியாலயத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றான். தகப்பனாரைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான். கடிதம் என் மேசையில் இருக்கிறது.