ஏறுகிறவன் யார்?

வீட்டுத் தாழ்வாரத்தில் தன் கையாலேயே மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் அமைப்பவன், அதன் பழுதுக்கு எவர்க்குப் பொறுப்பாளி? "ஏறுகிறவன் நான், முறிந்தால் என் எலும்புதானே" என்பர் அன்னோர். நாமும் ஓராண்டுக்காலம் அவ்விடையையே கூறித் திரிந்தோம்.

இம்முயற்சியை வீண்வேலையென்று நகைப்பார்க்கு ஒரு வார்த்தை. பெல்பாஸ்ட் நகரத்து ரெக்ஸ் மெக்கண்ட்லஸ் என்பார் தம் சொந்த முயற்சியால் ஆராய்ந்து கண்ட குழாய்ச் சட்டத்தை நார்ட்டன் கம்பெனியார் விரும்பி ஏற்றனர். 1950இல் மான் தீவுப் பந்தயத்தின் சீனியர், ஜூனியர் இரண்டிலும் முதல் மூன்று இடங்களை அவ்வண்டிகளே கொண்டன. இறகு மெத்தையில் அமர்ந்தது போன்றதென ஹரால்ட் டேனியல் கூறியமையால், 'பெதர்பெட்' என்ற பெயரே அதற்கு நிலைத்தது.

குழாயின் முனையை மற்றொன்றின் வளைவுக்கு இயைய அரத்தால் குடைதல் வேண்டும். இடையே ஒளி நுழையலாகாது. சூடுபட்ட உருக்கு ஆறுங்கால் சுருங்கி இழுக்கும். ஆதலின் ஒரு பக்கத்தையே தொடர்ந்து பற்றவைப்பின் தலைக்குழாய் கோணி, இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் நில்லா. இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். தெரியாத பிழையோ வேறு. எண்ணற்ற அதிர்வுகளால் பற்றவைப்பின் ஓரத்தில் மயிரிழை வெடிப்புத் தோன்றி, சாயத்தின் கீழ் வளர்ந்து, ஒருநாள் பிரியும்.

தலைக்குழாயின் கீழ் இணைப்பில் ஊசித்துளை இரண்டு கண்டோம். அரத்தால் மழித்துக் கறுப்புச் சாயம் பூசினோம். பார்த்தவர் மெச்சினர். (கூட்டல் பிழையைச் சுரண்டித் திருத்திப் பழகிய கிராணியின் கையன்றோ!) அனுமதி பெறாத சட்டம் பொதுச்சாலைக்கு ஆகாது என்னும் விதியை அறிவோம், தோட்டச் சாலை பொதுச்சாலையன்றென நமக்கு நாமே நியாயம் கூறிக்கொண்டோம்.

சென்ற மழைக்காலத்தில் நம் தமக்கை மகன் வந்து, "மாமா, தங்கச்சி பஸ்ஸில் வருகிறாள். வண்டியைத் தாருங்கள், தோட்ட வாசலிலிருந்து ஏற்றி வருகிறேன்" என்றான். சாவி நம் கையில் இருந்தது. கொடுக்க இயலவில்லை. "டயர் சரியில்லை, தம்பி" என்று பொய் கூறினோம்.

நம் உயிரைப் பணயம் வைத்தலைத் துணிவென்றே எண்ணியிருந்தோம். அப்பிள்ளைகளை ஏற்ற அஞ்சிய வண்டியை, பால்வெட்டு முடித்து ஓரமாய் நடந்துவரும் பெண்களுக்கு எதிரே நாள்தோறும் ஓட்டினோமே, அவர்களை யார் கேட்டது? முன்சக்கரம் கழன்றால் வண்டி தன் சொந்தக்காரன்மீதே பார்த்து விழுமோ? கம்பெனி வண்டியும் முறிவதுண்டு என்பது மெய்யே. ஆனால் அங்கே செய்தவன் ஒருவன், சோதித்தவன் வேறொருவன். இங்கே இருவரும் நாமே. அச்சோதகனுக்கோ செய்தவன்மீது அளவற்ற அன்பு!

அன்றிரவே சாயத்தைச் சுரண்டினோம். வெடிப்பினுள் ஊறும் செந்நீரைத் தடவித் துடைத்து, வெண்பூச்சு இட்டுக் காத்திருந்தோம். அரை அங்குல நீளத்தில் சிவப்புக் கோடொன்று மெல்ல எழுந்தது.

இணைப்பை அறுத்தாயிற்று. சட்டம் தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. மருமகன் அவ்வழியே போகும்போதெல்லாம், "டயர் வாங்கியாயிற்றா, மாமா?" என்று கேட்கிறான். அவனுக்கு உண்மையை இன்னும் நாம் சொல்லவில்லை.