ஜோர்டன் இல்லாத ஆண்டு

கூடைப்பந்துப் பயிற்சியாளராக பில் ஜாக்சன் வென்ற என்.பி.ஏ. பட்டங்கள் 11. சிகாகோ புல்ஸில் 6, லேக்கர்ஸில் 5. மைக்கேல் ஜோர்டன், கோபி பிரயன்ட் போன்ற நட்சத்திரங்கள் கிடைத்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

அது விளையாட்டோடு நிற்கும் கேள்வியா? பெந்தெகொஸ்தே ஊழியர்களின் மகனான ஜாக்சன், பின்னாளில் ஜென் தியானத்தை நாடியவர். ‘நான்’ கரைந்தால்தான் அணி உருவாகும் என்று நம்பி, வீரர்களை மூச்சைக் கவனித்து அமர வைத்தார். அந்த நம்பிக்கைக்கு உண்மையான சோதனை, நட்சத்திரம் இல்லாத அணிதான்.

1993-94 பருவத்துக்கு முன் ஜோர்டன் ஓய்வு பெற்றார். புல்ஸ் துவண்டுவிடவில்லை, 55 ஆட்டங்களில் வென்றது. நிக்ஸ் அணியுடனான பிளேஆஃப் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் 1.8 விநாடிதான் மீதி. கடைசி வீச்சை டோனி குக்கோச்சுக்கு ஜாக்சன் ஒதுக்கினார். அது தனக்குக் கிடைக்காததால் மனம் புண்பட்ட சக வீரர் ஸ்காட்டி பிப்பன் களமிறங்க மறுத்தார். குக்கோச் கூடையில் போட்டார், புல்ஸ் வென்றது. ஆனால் உடைமாற்றும் அறையில் மூத்த வீரர் பில் கார்ட்ரைட் கண்ணீரோடு பேசினார். பிப்பன் மன்னிப்புக் கேட்டார்.

அகந்தை உடைந்து, அணி மறுபடி கூடிய அந்த அறைதான் ஜாக்சனின் பெரிய வெற்றி. ஆனால் தியானம் ஒரு ஜோர்டனை உண்டாக்கித் தராது. அந்தத் தொடரை ஏழாவது ஆட்டத்தில் புல்ஸ் இழந்தது.