பெயர் ஒன்று, என்ஜின் இரண்டு

"ஐகான் 1.3" என்று மட்டும் சொல்லி ஹெட் கேஸ்கெட் கேட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் எழுந்து அலமாரிப் பக்கம் போக மாட்டார். "எந்த 1.3?" என்பார். அந்தக் கேள்வியைக் கேட்பவரிடம்தான் நான் ஸ்பேர் வாங்குவேன்.

ஃபோர்டு ஐகான் 1999இல் வந்தபோது 1.3 என்றால் எண்டுரா. வார்ப்பிரும்பு ஹெட், பிளாக்குக்குள் கேம் ஷாஃப்ட், வால்வைத் தள்ள புஷ்ராடு. சில ஆண்டுகளில் அதே காரில் அதே 1.3 என்ற பெயரோடு ரோகாம் வந்தது. அதில் ஹெட் அலுமினியம்; கேம் ஷாஃப்ட் ஹெட்டிலேயே உட்கார்ந்திருக்கும். வெளியே ஒரே கார், ஒரே எண். உள்ளே ஒரு கேஸ்கெட்கூட மற்றதற்குச் சேராது.

கோவளத்தில் எங்கள் மெக்கானிக் இதற்குப் புத்தகம் தேடுவதில்லை. சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருக்கிறார். வால்வ் கவருக்குக் கீழே ஹெட்டில் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். "பின்னாடி ஒட்டியிருக்கிறதப் படிக்காதீங்கண்ணே, பானெட்டத் தொறங்க" என்பார்.

அவர் சொல்வது நியாயம். டிக்கியில் இருக்கும் எழுத்து காரின் வசதியைச் சொல்லும், என்ஜினைச் சொல்லாது. இசட்எக்ஸ்ஐ என்ற எழுத்து 1.6 பெட்ரோல் ஐகானிலும் இருந்தது, 1.8 டீசலிலும் இருந்தது. போதாததற்கு, பெயின்ட் அடிக்கக் கழற்றிய எழுத்தை எல்லோரும் திரும்ப ஒட்டுவதில்லை. இன்னொரு காரின் எழுத்தை ஆசைக்கு ஒட்டியவர்களும் உண்டு. கதவுக் கண்ணாடி மோட்டார், சீட் துணி, மீட்டர் போன்றவை வாங்க அந்த எழுத்து உதவும். பானெட்டுக்குக் கீழே அதை நம்பக் கூடாது.

*

இந்தக் கார்கள் பிறந்த இடம் தூரத்தில் இல்லை. கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகப் போனால் மறைமலை நகர். ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோ, எக்கோஸ்போர்ட் எல்லாம் அங்கே ஓடிய லைனில் இறங்கியவை. ஐகானின் பாகங்கள் அங்கிருந்து மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறி, அங்கே காராகப் பூட்டப்பட்டன. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல் மறைமலை நகர் லைன் நின்றது.

ஒரு தொழிற்சாலை நிற்கும்போது வேலை போனவர்களின் துயரம்தான் முதலில். அதற்குப் பிறகு, சத்தமில்லாமல் இன்னொன்றும் நடக்கிறது. எந்த மாதத்தில் எந்த பம்பை மாற்றினார்கள், எந்த வயரிங் எந்த வரிசைக்குப் போனது என்று கையாலேயே அறிந்தவர்கள் கலைந்து போகிறார்கள். அந்த அறிவில் மிஞ்சியது காரிலேயே பொறித்த எண்களில் இருக்கிறது. அதைப் படிக்கும் பொறுப்பு இப்போது வண்டி வைத்திருப்பவருடையது.

*

சேஸ் நம்பரில் பதினேழு இடங்கள். ஒன்றோடும் பூஜ்ஜியத்தோடும் குழம்பக் கூடாது என்று ஐ, ஓ, கியூ மூன்றையும் எந்த நாட்டிலும் சேர்ப்பதில்லை. முதல் மூன்று இடங்கள் யார் செய்தது என்று சொல்லும். எம்ஏஜே என்றால் ஃபோர்டு இந்தியா, எம்ஏஎல் ஹூண்டாய், எம்ஏ3 மாருதி, எம்ஈ3 ராயல் என்ஃபீல்டு. அமெரிக்காவில் பத்தாவது இடம் கட்டாயமாக மாடல் ஆண்டு. இங்கே எல்லா நிறுவனமும் அந்த முறையில் எழுதவில்லை. அதனால் வெளிநாட்டு அட்டவணையை வைத்துக்கொண்டு நம் காரின் வயதைக் கணக்கிடக் கூடாது. ஆர்.சி.யில் உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும், அதுதான் ஆதாரம்.

ஆண்டு மட்டும் தெரிந்தாலும் போதாது. 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 என்ற புகை விதி சென்னை போன்ற சில நகரங்களுக்கு மட்டும் வந்தது. நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் ஒரே மாடல் சென்னைப் பதிவில் ஒருவிதமாகவும் வெளியூர்ப் பதிவில் வேறுவிதமாகவும் இருக்கலாம். சென்சார், இ.சி.யு., சைலன்சர் பக்கம் கை வைக்கும்போது இது பெரிய வேறுபாடு. நகரத்தின் விளிம்பில் இருக்கும் நம் ஊரில் இரண்டு பதிவு வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

எக்கோஸ்போர்ட் பெட்ரோல் 1.5ஐயும் சொல்ல வேண்டும். 2017 நவம்பரில் முகம் மாறி வந்தபோது நான்கு சிலிண்டர் என்ஜின் போய் மூன்று சிலிண்டர் வந்தது. லிட்டர் கணக்கு அதே 1.5. ஸ்பார்க் பிளக்கை எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

*

கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடுவதற்கு முன் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். ஃபோர்டு பாகத்தில் எண் மூன்று துண்டாக இருக்கும். நடுத்துண்டு அது என்ன பொருள் என்று சொல்லும்: 6731 ஆயில் ஃபில்டர், 9601 ஏர் ஃபில்டர், 12405 ஸ்பார்க் பிளக். முன்துண்டு எப்போது, எந்த வண்டிக்காக வடிவமைத்தார்கள் என்பது. பின்துண்டு திருத்தம், ஏஏ என்றிருந்தது பின்னால் ஏபி ஆகும். முன்துண்டின் முதல் எழுத்து எக்ஸ் என்றால் 1999. அது வடிவமைப்பின் வயது. 2004இல் செய்த காரிலும் அந்த எழுத்து இருக்கும். அதைப் பார்த்து யாரோ பழைய பாகத்தை மாட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு புதுப்பேட்டைக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ போனால் பேச்சே சுருங்கிவிடும். அங்கே மாடல் பெயரைவிட பாகத்தின் எண்ணுக்கு மரியாதை அதிகம்.

ஒன்றில் மட்டும் அவசரம் கூடாது. முந்தைய உரிமையாளர் என்ஜினையே மாற்றியிருக்கலாம். பிளாக்கில் பொறித்த என்ஜின் நம்பரும் ஆர்.சி.யில் உள்ள நம்பரும் ஒன்றா என்று கண்ணால் பார்த்த பிறகே எதையும் வாங்க வேண்டும். வேறாக இருந்தால் முதல் வேலை ஸ்பேர் வாங்குவது அல்ல, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை நேராக்குவது. பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும் நாளில் எப்படியும் இந்தக் கேள்வி வரும்.

கடலோரத்தில் காலையில் பானெட்டைத் திறந்தால் தகரத்தில் உப்பு ஈரம் படிந்திருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இன்னும் மோசம். துரு முதலில் பிடிப்பது பெயின்ட் மெல்லியதாக இருக்கும் இடத்தை. பொறித்த எண்ணின் பள்ளங்கள் அப்படிப்பட்ட இடங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் எண்ணும் சேர்ந்து போகும். துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்தால் போதும்.

கோவளத்திலோ, திருவிடந்தையிலோ, மாமல்லபுரத்திலோ பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர் மாற்றும்போது ஆர்.டி.ஓ.வுக்கு எடுப்பீர்களே, அதே மாதிரி சேஸ் நம்பருக்கும் என்ஜின் நம்பருக்கும் பென்சில் பிரிண்ட் எடுத்து, ஆர்.சி. நகலோடு வீட்டில் வையுங்கள். என்ஜின் எந்த வகை, கழற்றிய பாகங்களின் எண் என்ன என்று அதே தாளில் எழுதுங்கள். வண்டியை விற்கும் நாளில் அந்தத் தாளையும் சாவியோடு கொடுத்துவிடுங்கள்.