பருமன் பாவமா?

தலையான பாவங்கள் ஏழினையும் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த முதியோர், அகங்காரம், உலோபித்தனம் எனத் தொடங்கி இன்றும் வரிசை பிறழாமல் சொல்வர். அவற்றுள் ஒன்று போசனப்பிரியம். மற்ற ஆறும் உள்ளத்தில் மறைந்திருக்க, இஃது ஒன்று மட்டும் உடலின்மேல் எழுதப்பட்டிருக்கிறது என்று நாம் எப்படியோ நம்பிவிட்டோம். பருத்த உடலைக் கண்டதும், 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று உள்ளத்துள் தீர்ப்பெழுதுகிறோம். அவருக்கு இரத்தக் கொதிப்பும் உண்டு என்று கேள்விப்பட்டால், தீர்ப்புக்குச் சான்றும் கிடைத்துவிட்டதாக அமைதி கொள்கிறோம். இத்தீர்ப்பு நீதியானதுதானா?

திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் நம்மைவிட நிதானமாகச் சிந்தித்தனர். 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெரிய கிரகோரியார், போசனப்பிரியம் ஐந்து வழிகளில் மனிதனைப் பிடிக்கும் என்றார். வேளைக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, நாவுக்கேற்ற பக்குவத்தை வற்புறுத்துவது, அளவுக்கு மிஞ்சுவது, பதற்றத்தோடு விழுங்குவது என்பன அவை. அளவு ஐந்தில் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் இப்பகுப்பை ஏற்ற புனித தாமஸ் அக்குவினாஸ், குற்றம் உணவில் இல்லை, ஒழுங்கிழந்த விருப்பத்தில்தான் இருக்கிறது என விளக்கினார். அப்படியானால், குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்ததற்காகத் தட்டைத் தள்ளிவிட்டு எழும் மெலிந்த கணவரும் போசனப்பிரியரே. அவரை நோக்கி மட்டும் எவரும் விரல் நீட்டுவதில்லை!

இனி, மருத்துவ அறிவியல் சொல்வதைக் கேட்போம். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்து ஆளான 540 பேரை ஆராய்ந்து 1986இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களுடைய உடல் பருமன், சோறூட்டி வளர்த்த பெற்றோரை ஒத்திருக்கவில்லை. முகம் அறியாத, பெற்றெடுத்த பெற்றோரையே ஒத்திருந்தது. 1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், 86 கிலோ எடையுள்ள எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினர். எவ்வளவு உண்டாலும் அவளுக்குப் பசி அடங்கவில்லை. உடற்கொழுப்பிலிருந்து சுரந்து, 'போதும்' என்று மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் சுரப்புநீர் மரபணுக் குறையால் அவளிடம் இல்லை. அதை ஊசி வழியாக நாள்தோறும் செலுத்தியபோது, ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தாள். அதற்கு முன் அவளைப் பெருந்தீனிக்காரி என்று எவரேனும் ஏசியிருந்தால், அவ்வேச்சு எத்தகைய பொய்ச்சாட்சி! பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, பாவம் அவருடையதா, பெற்றோருடையதா என்று சீடர் வினவியதை யோவான் நற்செய்தி கூறுகிறது. இயேசு இரண்டையும் மறுத்தார். நாமோ இன்னும் அக்கேள்வியையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆயினும் அச்சிறுமியின் நிலை மிக மிக அரிது. 'எல்லாம் பரம்பரை, நம் கையில் என்ன இருக்கிறது?' என்று இலையில் மீண்டும் ஒரு கரண்டி நெய்ச்சோறு வாங்க அவள் கதை நமக்கு உரிமை தராது. பருமனோடு தொடர்புடையதென 2007இல் கண்டறியப்பட்ட பரவலான மரபணு வேறுபாடு, தாய் தந்தை இருவழியிலும் வந்தால்கூடச் சராசரியாக 3 கிலோ அளவே எடையைக் கூட்டுகிறது. பரம்பரை நம்மைச் சாய்க்கிறது, தள்ளி வீழ்த்துவதில்லை. இரத்தக் கொதிப்பும் அவ்வாறே. சிலருடைய சிறுநீரகம் உப்பை எளிதில் வெளியேற்றாத இயல்போடு பிறக்கிறது. ஆனால் அந்த உப்பை வாயில் இடுவது மரபணு அன்று. அமேசான் காடுகளில் உப்பின்றியே உண்டு வாழ்ந்த யனோமாமி பழங்குடியினரிடம், வயது ஏறியும் இரத்த அழுத்தம் ஏறவில்லை என்பதை 1988இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் உட்பட்ட உப்பே போதும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். நாமோ ஊறுகாயையும் அப்பளத்தையும் உப்பென்று எண்ணுவதே இல்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் காத்து, புலாலுக்கு ஈடாகக் கருவாட்டுக் குழம்பு வைப்போரும் நம்மிடையே உண்டு. ஒறுத்தல் நாவுக்கா, இரத்தக் குழாய்களுக்கா என்றுதான் தெரியவில்லை.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு. அறியாமையும் வேரூன்றிய பழக்கமும் ஒருவரது குற்றத்தைக் குறைக்கக் கூடும் என்று 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. உடல்நலம் இறைவன் தந்த கொடை, அதைப் பேணுவது கடமை என்றும் அதுவே கற்பிக்கிறது. அச்சாய்வோடு பிறந்ததற்கு நாம் குற்றவாளிகள் அல்லோம். ஆனால் 140க்கு மேல் 90க்கு மேல் என்று மருத்துவர் பலமுறை அளந்து சொன்ன பிறகு, 'தலைசுற்றல் இல்லையே' என மாத்திரையை நாமே நிறுத்தினால், அது பாட்டனார் செய்த செயல் ஆகாது. இந்நோய் பெரும்பாலும் அறிகுறியின்றியே இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்குகிறது.

இப்பொறுப்பு நோயாளி ஒருவருடையது மட்டுமா? நம் இல்லங்களில் வழக்கம் ஒன்று உண்டு. தந்தைக்கு இரத்தக் கொதிப்பு என்றால், அவருக்கென உப்பில்லாத குழம்பைத் தனிச் சட்டியில் வைப்பார்கள். பிள்ளைகளுக்குப் பழைய குழம்பே தொடரும். அன்பினால் செய்வதுதான். ஆனால் தந்தையின் சாய்வு பிள்ளைகளின் இரத்தத்திலும் இருக்கக் கூடுமெனில், தனிச் சட்டி எவரைக் காக்கிறது? மேசையில் ஒருவர் தண்டனை பெற்றவர்போல் உண்ண, மற்றவர் அவர் நோயை நோக்கியே உண்டு நடக்கின்றனர். பொதுச் சட்டியிலேயே உப்பை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் குறைத்தால், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். திருவிழா அசனத்துக்குச் சமைப்போரும் அந்தப் பெரிய அண்டாவில் இதைச் செய்து பார்க்கலாம். வேண்டுவோருக்கு இலையோரத்தில் உப்பு வைத்தால் போயிற்று.